காற்றுப் படாமல் ஒரு பரிசோதனை

இரத்தச் சர்க்கரையின் அளவு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. எக்ஸ்ரே படம் எடுத்த சிறிது நேரத்தில் மருத்துவரின் பார்வைக்கு வந்துவிடுகிறது. ஆனால் கட்டியைக் கீறி எடுத்தனுப்பிய சீழின் பரிசோதனை முடிவு நான்கு நாள்கள் ஆகியும் வரவில்லை. “மாதிரி தொலைந்துவிட்டதோ? ஆய்வகத்தில் யாரும் கவனிக்கவில்லையோ?” என்று குடும்பத்தினர் கவலைப்படுவது இயல்பே.

அந்த நான்கு நாள்களில் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால் காத்திருப்பது சற்று எளிதாகும். அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் உண்டு. இத்தகைய பரிசோதனை பயன் தருமா, வீணாகுமா என்பது பெரும்பாலும் மாதிரி ஆய்வகத்தின் வாசலை அடையும் முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவில் நோயாளிக்கும் உடனிருப்போருக்கும் பங்கு உண்டு.

காற்று ஆகாத உயிர்கள்

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது. அது இல்லாமல் உயிர் இல்லை என்றே நாம் அனைவரும் எண்ணுகிறோம். 1861ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் இந்த எண்ணத்துக்கு மாறான ஒன்றைக் கண்டார். கெட்டுப்போன வெண்ணெயில் வீசும் நாற்றத்துக்குக் காரணமான அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்களை அவர் நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். நீர்த்துளியின் நடுவில் சுறுசுறுப்பாக நீந்திய அவை, காற்றுப் படும் விளிம்பை நெருங்கியதும் அசைவற்றுப் போயின. காற்றே அவற்றுக்கு நஞ்சாக இருந்தது.

ஆக்சிஜன் உயிரணுவுக்குள் புகும்போது தீங்கு செய்யும் சில வேதிப்பொருள்கள் உருவாகின்றன. அவற்றை முறிக்கும் நொதிகள் நம் உடலணுக்களில் நிறைய உள்ளன. காற்றில்லாப் பாக்டீரியாக்களிடம் அந்த நொதிகள் இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆகவே அவற்றுள் சில, காற்றுப் பட்ட சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்கும். வேறு சில, சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

இவை வெளியிலிருந்து மட்டும் வருபவை என்று எண்ண வேண்டாம். நம் ஈறுகளின் இடுக்கிலும், பெருங்குடலிலும், பெண்களின் பிறப்புறுப்புப் பாதையிலும், தோலின் நுண்துளைகளிலும் இவை பிறந்த நாள் தொட்டே குடியேறி வாழ்கின்றன. பெருங்குடலில் காற்றில் வாழக்கூடிய பாக்டீரியா ஒன்றுக்கு இவை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் உள்ளன. செரிமானத்துக்கும் உடல்நலத்துக்கும் துணை செய்கின்றன. தம் இடத்தில் இருக்கும்வரை இவற்றால் தீங்கில்லை. வேலியைத் தாண்டும்போதுதான் தொல்லை.

குடல்வால் வெடித்தால் இவை வயிற்றறைக்குள் சிந்துகின்றன. சொத்தைப் பல்லின் வேரிலிருந்து தாடைக்கும் கழுத்துக்கும் பரவுகின்றன. நினைவிழந்து கிடப்பவரின் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலில் சீழ்க்கட்டியை உண்டாக்குகின்றன. பல ஆண்டுகளாகக் காதில் சீழ் வடிந்தும் கவனிக்காமல் விட்டவர்களுக்கு மூளையில் சீழ்க்கட்டி தோன்றக்கூடும். சர்க்கரை நோயால் இரத்த ஓட்டம் குறைந்த பாதத்தின் ஆழமான புண்ணும் இவற்றுக்கு ஏற்ற இடமே. இரத்தம் குறைவாகப் பாயும் இடத்தில் ஆக்சிஜனும் குறைவு அல்லவா?

சீழில் கடும் துர்நாற்றம், தோலுக்கடியில் காற்று சேர்ந்து நறநறவென்ற உணர்வு, கறுத்து அழுகிய தசை ஆகியவற்றைக் கண்டால் மருத்துவர் இவற்றைச் சந்தேகிப்பார். நாற்றம் இல்லை என்பதற்காக இவை இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. அதற்குத்தான் ஆய்வகம்.

மாதிரி எடுப்பதே பாதிப் பரிசோதனை

புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பினால் போதாதா என்று பலர் கேட்கின்றனர். இந்தப் பரிசோதனைக்கு அது போதாது. பஞ்சின் இழைகளுக்கிடையே காற்று நிறைந்திருக்கிறது. எடுக்கும் அளவும் சிறிது. அதுவும் விரைவில் உலர்ந்துவிடும். மேலும், புண்ணின் மேலே இருப்பவை பெரும்பாலும் தோலில் வழக்கமாக வாழும் பாக்டீரியாக்களே. நோயை உண்டாக்குபவை ஆழத்தில் இருக்கின்றன.

ஆகவே மருத்துவர் தோலைக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டு, ஊசியைச் சீழ்க்கட்டிக்குள் செலுத்திச் சீழை உறிஞ்சி எடுக்கிறார். அல்லது அறுவை அரங்கில் ஆழத்திலிருந்து ஒரு சிறு தசைத் துண்டை வெட்டி எடுக்கிறார். சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் அதை வெளியேற்றுகிறார். பிறகு சீழை, ஆக்சிஜன் நீக்கப்பட்ட சிறப்புக் குப்பிக்கு மாற்றுவார். அல்லது ஊசியை அகற்றிவிட்டுச் சிரிஞ்சின் முனையை மூடியால் அடைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்புவார். ஊசி குத்துவது பஞ்சால் துடைப்பதைவிடக் கூடுதல் வலி தருவதுதான். ஆனால் அந்த வலிக்குப் பயன் உண்டு.

சளி, தொண்டையைத் துடைத்தெடுத்த மாதிரி, வழக்கமாகப் பிடித்துத் தரும் சிறுநீர் ஆகியவற்றை இந்தப் பரிசோதனைக்கு ஆய்வகம் ஏற்பதில்லை. வாய், தொண்டை, சிறுநீர்ப் பாதையின் வாயில் ஆகிய இடங்களில் காற்றில்லாப் பாக்டீரியாக்கள் இயல்பாகவே வாழ்கின்றன. அவ்வழியே வரும் மாதிரியில் அவை எப்போதும் இருக்கும். நோய்க்குக் காரணம் எது, வழியில் ஒட்டிக்கொண்டது எது என்று பிரித்தறிய இயலாது. “மாதிரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்” என்று கேள்விப்பட்டால், அது உங்களைத் தவறான முடிவிலிருந்து காப்பதற்காக என்று கொள்ளுங்கள்.

சீழ் மாதிரியைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் கூடாது. குளிர்ந்த திரவத்தில் ஆக்சிஜன் அதிகமாகக் கரையும். சில பாக்டீரியாக்கள் குளிரிலேயே மடிந்துவிடும். அறை வெப்பநிலையில், தாமதமின்றிக் கொண்டு சேர்ப்பதே முறை. சிரிஞ்சில் உள்ள சீழாயின் அரை மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ந்தால் நல்லது.

ஜாடிக்குள் நடப்பது

மாதிரி வந்ததும் நுண்ணுயிரியலாளர் அதன் நிறத்தையும் நாற்றத்தையும் குறித்துக்கொள்கிறார். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார். டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட இந்தச் சாயமேற்றும் முறை இன்றும் ஆய்வகத்தின் முதற்கண். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையில் பாக்டீரியாக்கள் ஊதா நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ தெரியும். பல வடிவங்கள் ஒருசேரக் கலந்து காணப்பட்டால், காற்றில்லாப் பாக்டீரியாக்கள் அவற்றில் இருக்கலாம் என்று ஆய்வகம் மருத்துவருக்கு அன்றே தெரிவிக்கும். ஆகவே முழு அறிக்கை தாமதமானாலும், முதல் துப்பு முதல் நாளிலேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்தது ‘கல்ச்சர்’ எனப்படும் நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனை. இரத்தமும் வைட்டமின் கே போன்ற சத்துகளும் கலந்த தட்டுகளில் மாதிரியைத் தீற்றுகின்றனர். சில தட்டுகள் சாதாரணக் காற்றில் வைக்கப்படும். சில தட்டுகள் காற்றில்லாச் சூழலில் வைக்கப்படும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் எது எங்கே வளர்கிறது என்பது புலப்படும். வேகவைத்த இறைச்சித் துண்டுகள் அடியில் கிடக்கும் ஒரு குழம்பிலும் சிறிது மாதிரி இடப்படும். அந்த இறைச்சி ஆக்சிஜனை ஈர்த்துக்கொள்வதால் குழாயின் அடிப்பகுதியில் காற்றில்லாப் பாக்டீரியாக்கள் வளரும்.

காற்றில்லாச் சூழலை உண்டாக்குவது எளிய செயலாக இருக்கவில்லை. ஜப்பானிய மருத்துவர் கிடசாடோ ஷிபாசாபுரோ 1889இல் பெர்லினில், இரண ஜன்னி என்னும் டெட்டனஸ் நோயின் பாக்டீரியாவை முதன்முதலாகத் தனித்துப் பிரித்து வளர்த்தார். கலப்பு மாதிரியைச் சூடாக்கிப் பிற கிருமிகளை அழித்தார்; வெப்பத்தைத் தாங்கிய டெட்டனஸ் பாக்டீரியாவை ஹைட்ரஜன் வாயுவுக்குள் வளர்த்தார். முதல் உலகப் போரின்போது, மண்ணும் சேறும் படிந்த காயங்களால் வீரர்கள் தசை அழுகி மடிந்தனர். அக்காலத்தில், 1916இல், பிரிட்டனைச் சேர்ந்த மெக்கின்டாஷ், ஃபில்ட்ஸ் ஆகிய இருவரும் இறுக மூடக்கூடிய ஒரு ஜாடியை வடிவமைத்தனர். ஜாடிக்குள் செலுத்தும் ஹைட்ரஜன், எஞ்சியுள்ள ஆக்சிஜனோடு பல்லேடியம் என்னும் உலோகத்தின் துணையால் சேர்ந்து நீராக மாறிவிடும். ஆக்சிஜன் அங்கே இல்லாமற்போகும்.

இன்று பல ஆய்வகங்களில் ஆக்சிஜனை உறிஞ்சும் சிறு பொட்டலத்தை ஜாடிக்குள் இட்டு மூடிவிடுகின்றனர். ஜாடியில் உண்மையாகவே காற்று இல்லையா என்பதை ஒரு சாயம் காட்டிக்கொடுக்கும். மெத்திலீன் நீலம் என்னும் அச்சாயம் ஆக்சிஜன் இருந்தால் நீலமாகவும், இல்லாவிட்டால் நிறமற்றும் இருக்கும். நீலம் மறையாத ஜாடியின் முடிவை நம்ப முடியாது.

ஜாடியைக் குறைந்தது 48 மணி நேரம் திறப்பதில்லை. இப்பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை. இளம்பருவத்தில் காற்றுப் பட்டால் எளிதில் மடிபவை. வெந்ததா என்று அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தால் இட்லி வேகாதது போல, அவசரப்பட்டு ஜாடியைத் திறந்தால் வளர்ச்சியே கெட்டுவிடும். இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்துவிட்டு, மீண்டும் மூடி ஐந்து முதல் ஏழு நாள்கள் வரை வைத்திருப்பதும் உண்டு. தாடையில் கட்டியாகிப் பல துளைகள் வழியே சீழ் வடியும் ஆக்டினோமைக்கோசிஸ் போன்ற நோய்களில் இரண்டு வாரம்கூட ஆகலாம்.

வளர்ந்த ஒவ்வொரு வகையையும் தனித்தனியே பிரித்து, காற்றிலும் காற்றில்லாமலும் மீண்டும் வளர்த்துப் பார்க்க வேண்டும். காற்றில் வளராமல், காற்றில்லாச் சூழலில் மட்டும் வளர்வதே நாம் தேடியது. இதற்கு மேலும் ஒன்றிரண்டு நாள்கள். பெயரைக் கண்டறிய, பாக்டீரியாவின் புரதங்களை லேசர் ஒளியால் எடைபோடும் கருவி சில மருத்துவமனைகளில் உண்டு. அது சில நிமிடங்களில் பெயரைச் சொல்லிவிடும். எனினும் கருவிக்குக் கொடுக்கப் பாக்டீரியா முதலில் வளர்ந்திருக்க வேண்டும். மருந்துகளுக்கு அது கட்டுப்படுகிறதா என்று சோதிக்கவும் கூடுதல் நாள்கள் தேவை. நான்கு நாள், ஐந்து நாள் என்ற கணக்கு இப்படித்தான் வருகிறது.

காத்திருக்கும் நாள்களில் சிகிச்சை நிற்பதில்லை

அறிக்கை வரும்வரை மருத்துவம் தொடங்காது என்ற அச்சம் வேண்டாம். நோய் எந்த இடத்தில் உள்ளது, அங்கே வழக்கமாக எந்தப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பதைக் கொண்டு மருத்துவர் முதல் நாளே மருந்தைத் தொடங்கிவிடுகிறார். அறிக்கை வந்ததும் தேவைக்கேற்ப மருந்தை மாற்றுகிறார், குறைக்கிறார், அல்லது அப்படியே தொடர்கிறார்.

இந்நோய்களில் மருந்துக்கு இணையான இடம் கத்திக்கும் உண்டு. சீழ்க்கட்டிக்குள் இரத்தம் பாயாததால் மருந்தும் அங்கே போதிய அளவு சென்று சேராது. சீழை வடித்தெடுப்பதும், அழுகிய தசையை நீக்குவதும், பல் வேரைச் சுத்தம் செய்வதும் சிகிச்சையின் இன்றியமையாப் பகுதிகள். “மாத்திரையிலேயே சரி செய்ய முடியாதா?” என்று தள்ளிப்போடுவது சில நேரங்களில் காலையோ உயிரையோ பணயம் வைப்பதாகும்.

இவற்றுக்கு மிகுதியாகத் தரப்படும் மருந்துகளுள் ஒன்று மெட்ரோனிடசோல். அது முதலில் பிறப்புறுப்புப் பாதையில் தொற்றும் ஓர் ஒட்டுண்ணிக்காக வந்த மருந்து. அதற்காக அதை உட்கொண்ட ஒரு பெண்மணிக்கு, கூடவே இருந்த ஈறுநோயும் குணமானதை 1962இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ அறிக்கை பதிவு செய்தது. காற்றில்லாப் பாக்டீரியாக்களுக்கு எதிரான அதன் ஆற்றல் அவ்வழியே வெளிப்பட்டது. வாயில் உலோகச் சுவையும், சிறுநீரில் நிறமாற்றமும் இம்மருந்தால் ஏற்படக்கூடும். இதை உட்கொள்ளும் நாள்களில் மது கூடாது.

அறிக்கையைப் படிக்கும் முறை

‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை வந்தால் நோய் இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். பாக்டீரியா வழியிலேயே காற்றுப் பட்டு மடிந்திருக்கலாம். முன்பே உட்கொண்ட ஆன்டிபயாட்டிக் அதை வளரவிடாமல் செய்திருக்கலாம். அல்லது ஆய்வகத்தில் காற்றில் வைத்துச் செய்யும் சோதனை மட்டும் நடந்திருக்கலாம். நுண்ணோக்கியில் பாக்டீரியா தெரிந்தும் சாதாரணத் தட்டில் எதுவும் வளராவிட்டால், அதுவே காற்றில்லாப் பாக்டீரியாவுக்கான ஒரு குறிப்பு. மருத்துவர் மருந்தைத் தொடரச் சொன்னால், அறிக்கையைக் காரணம் காட்டி நிறுத்திவிடாதீர்கள்.

சில அறிக்கைகளில் இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்து வரும். இது ஆய்வகத்தின் குழப்பமன்று. இந்நோய்களில் பலவகைப் பாக்டீரியாக்கள் கூட்டாகச் செயல்படுவது வழக்கம். காற்றில் வாழக்கூடியவை சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, காற்றில்லாதவை அங்கே செழிக்கின்றன.

காய்ச்சல் கடுமையாக இருந்தால் இரத்தமும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பப்படும். அதற்கு இரண்டு குப்பிகள். ஒன்று காற்றுள்ளது, மற்றொன்று காற்றில்லாதது. பெரியவர்களுக்கு ஒவ்வொரு குப்பிக்கும் 8 முதல் 10 மில்லி இரத்தம் தேவை. இவ்வளவு இரத்தமா என்று தயங்க வேண்டாம். இரத்தத்தில் பாக்டீரியாக்கள் மிகச் சொற்பமாகவே இருப்பதால், குறைவாக எடுத்தால் அவை அகப்படாமற்போகலாம்.

ஆய்வகத்துக்குக் காத்திராத நோய்கள்

டெட்டனஸ் நோயை மருத்துவர் கண்டறிவது நோயாளியின் உடற்குறிகளைக் கொண்டே. வாய் திறக்க இயலாமை, தசை விறைப்பு, வலிப்பு ஆகியவையே சான்று. காயத்தில் அந்தப் பாக்டீரியா வளராமலும் போகலாம். அதற்காகச் சிகிச்சை காத்திருப்பதில்லை. தடுப்பூசியே இங்கு உண்மையான காவல்.

தசைக்குள் வாயு சேர்ந்து, சில மணி நேரத்தில் பரவும் தசையழுகல் நோயிலும் அப்படியே. சாயமேற்றிய ஒரு தகட்டைப் பார்த்த உடனேயே அறுவை மருத்துவர் அரங்குக்கு விரைவார். வளர்ப்புச் சோதனை பின்னர் வந்து அதை உறுதி செய்யும்.

ஆன்டிபயாட்டிக் உட்கொண்ட நாள்களிலோ அதன்பின் சில வாரங்களிலோ பலமுறை நீர்போல் வயிற்றுப்போக்கு உண்டானால், டிஃபிசில் என்னும் காற்றில்லாப் பாக்டீரியா காரணமாக இருக்கலாம். வளர்ப்பதற்குக் கடினமாக இருந்ததால் 1935இல் அதற்கு அப்பெயர் இட்டனர். இன்று மலத்தில் அதன் நச்சையோ மரபணுவையோ நேரடியாகத் தேடுகின்றனர். முடிவு விரைவில் வந்துவிடும். இளகிய மலத்தை மட்டுமே அனுப்ப வேண்டும். இதன் ‘ஸ்போர்’ என்னும் கெட்டியான உறக்கநிலையைக் கைகளில் தடவும் ஆல்கஹால் திரவம் அழிப்பதில்லை. ஆகவே நோயாளியைத் தொட்டபின் சோப்பும் நீரும் கொண்டு கைகழுவுவது உடனிருப்போரின் கடமை.

நீங்கள் செய்யக்கூடியவை

மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையாயினும், வீட்டில் மிச்சமிருந்ததாயினும், அண்மையில் உட்கொண்ட ஆன்டிபயாட்டிக் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் அட்டையையே கொண்டுவாருங்கள். இரண்டு வேளை மாத்திரைகூட ஆய்வக முடிவை மாற்றிவிடக்கூடும். தேதியும் வேளையும் தெரிந்தால் நுண்ணுயிரியலாளர் அறிக்கையை அதற்கேற்பப் பொருள் கொள்வார்.

சர்க்கரை நோய், அண்மையில் செய்த பல் சிகிச்சை, காதில் நெடுநாள் சீழ், விலங்கு அல்லது மனிதக் கடி, மண் பட்ட காயம் ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள். அவை பரிசோதனைப் படிவத்தில் ஒரு வரியாக ஏறினால், எந்தத் தட்டை எத்தனை நாள் வைத்திருப்பது என்று ஆய்வகம் தீர்மானிக்க உதவும்.

மாதிரியை உங்கள் கையில் கொடுத்து ஆய்வகத்தில் சேர்க்கச் சொன்னால், வழியில் எங்கும் நிற்காமல் நேரே கொண்டு செல்லுங்கள். மூடியைத் திறக்காதீர்கள், பனிக்கட்டியில் வைக்காதீர்கள். பெற்றுக்கொண்டவர் நேரத்தைக் குறித்தாரா என்று பாருங்கள்.

புண்ணின் மேல் சாம்பல், மஞ்சள், பச்சிலை எதையும் அப்பாதீர்கள். அது காற்றுப் புகாமல் புண்ணை மூடும், மாதிரியையும் கெடுக்கும்.

முடிவுக்காகக் காத்திருக்கும்போது, “நுண்ணோக்கிப் பரிசோதனையில் என்ன தெரிந்தது? இப்போது தரும் மருந்து காற்றில்லாப் பாக்டீரியாக்களையும் கட்டுப்படுத்துமா? இறுதி அறிக்கை எந்த நாள் வரும்?” என்ற மூன்று கேள்விகளை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். இறுதி அறிக்கை வருமுன்பே வீடு திரும்ப நேர்ந்தால், அதை எங்கே, எப்போது பெறுவது என்பதை வெளியேறும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் வரும் ஒரு பெயர், நீங்கள் வீட்டில் உட்கொண்டிருக்கும் மருந்தை மாற்ற வேண்டியதாக அமையலாம்.